வயிற்றுத் தோலில் பதினோரு வருடம்

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க அண்ணா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும், எங்கள் வீட்டில் தங்கி இசை படிக்கும் தங்கள் மகளும் சுகம். அங்கே தாங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும், அண்ணியின் முழங்கால் வலி மட்டும் சுகமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். ‘தாங்கள்’ என்று மரியாதையாக ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அப்படி எழுதும்போது யாரோ மேலதிகாரிக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதுகிற மாதிரி இருக்கிறது. ஆகவே ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த உறைக்குள் காகிதத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. பெல்ட் இல்லை, பர்ஸ் இல்லை, கண்ணாடிக் கூடு இல்லை. தைரியமாகப் பிரிக்கலாம். பதினான்கு மாதமாக நீங்கள் என்னிடம் “இரு, உன் அண்ணிகிட்ட குடுக்கறேன்” என்ற நான்கு சொல்லைத் தவிர ஃபோனில் வேறு எதுவும் பேசவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்று இப்போது எழுத்து மூலமாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்தது ஏன் நடந்தது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஏனென்றால் அண்ணா, நான் ஜெயித்துவிட்டேன்.

உங்கள் பணி ஓய்வு விழாவுக்கு நான் செய்து கொடுத்த பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது, மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் உங்கள் அலுவலகத்தார் அவ்வளவு பெரிய சட்டம் போட்ட படத்தைக் கொடுத்தார்கள், நீங்கள் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினீர்கள், பெல்ட்டின் துளை கிழிந்து அடுத்த துளைக்குப் போனது, அது கிழிந்து அதற்கடுத்ததற்குப் போனது, பிறகு போவதற்குத் துளை இல்லை. இரண்டு கையிலும் படம். உங்கள் கணக்காளர் அம்மாள் சமயோசிதமாக மேசைவிரிப்பை உருவி உங்கள் இடுப்பில் சுற்றினார், பூச்சாடி போய் விழுந்து உடைந்தது, கூட்டம் அதையும் நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று நினைத்துக் கைதட்டியது. நீங்கள் மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்து, “டேய், இனிமே என் குடும்பத்துல யார் பக்கத்துலயும் தோலோட வராதே” என்றீர்கள். நான் அப்போது என்ன சொன்னேன்? “பக்கிள் சரியில்லண்ணே” என்றேன். தப்பு. பக்கிள் தங்கமான பக்கிள். தப்பு என்னுடையது, தோலுடையது. அந்தத் தோல் மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தோல். வயிறு என்றால் விரிந்து சுருங்குகிற இடம் அல்லவா? அந்தத் தோலும் ரப்பர் மாதிரி இழுபடும். பெல்ட்டுக்கு வேண்டியது முதுகுத் தோல். இந்த ஒரு சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினோரு வருடம் ஆனது.

பதினோரு வருடமும் நான் வயிற்றுத் தோல்தான் வாங்கியிருக்கிறேன். கடையில் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்ப்பேன். எது மெத்தென்று குழந்தைக் கன்னம் மாதிரி இருக்கிறதோ அதைச் சுருட்டிக்கொண்டு வருவேன். கடைக்காரர் ஒரு நாளாவது வாய் திறக்க வேண்டாமா? அவர் பாட்டுக்கு நூல் போட்டுக் கட்டிக் கொடுப்பார். கத்தி? ஒரே கத்தி. பதினோரு வருடத்தில் ஒரு தடவை கூடத் தீட்டவில்லை. வெட்ட மாட்டேன் என்றால் இன்னும் அழுத்துவேன், அது கோணலாகப் போய்ச் சாப்பாட்டு மேசையை வெட்டும். துளை போடுவதற்கு இரும்புச் சுத்தியல், அதுவும் ஓரத்திலிருந்து நூல் அளவு கூட இடம் விடாமல். தையலுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கிற மாதிரி ஒற்றை ஊசி. ஒரு தையல் அறுந்தால் மீதி எல்லாம் வரிசையாகக் கழன்று வரும். பசையை ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி தடவுவேன். கடைசியில் எண்ணெய். அண்ணா, முப்பத்து நான்கு வருடம் மருந்துக் கடையில் நின்று சொட்டுக் கணக்கில், மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுத்த கை இது. ஒருவருக்கும் ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுத்ததில்லை, குறைவாகக் கொடுத்ததில்லை. அந்தக் கை தோலைக் கண்டதும் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்துவிடும். நல்லது என்றால் நிறைய நல்லது என்று ஒரு நம்பிக்கை. என் மனைவிக்கு நான் செய்து கொடுத்த பை மூன்று மாதம் எண்ணெய் கசிந்தது. அவள் போன பேருந்திலெல்லாம் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் பேருந்திலிருந்து இறங்கும்போது வார் மட்டும் அவள் தோளில் இறங்கியது, பை அடுத்த நிறுத்தம் வரை போனது.

இப்போது கதைக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் என் துளை உளியின் மூக்கு உடைந்தது. சாவிக்காரர் ஒருவர் தெருமுனையில் கடை வைத்திருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். அவர் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பக்கத்துக் கடையம்மாதான் சரி” என்று கையைக் காட்டினார். பக்கத்துக் கடை, பை, செருப்பு, பெல்ட் பழுது பார்க்கிற கடை. ஒரு ஆள் படுத்தால் கால் தெருவில் நீட்டும், அவ்வளவுதான் அகலம். உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெட்டியின் கைப்பிடியைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தேன். மேல் தட்டில் என் மனைவியின் பை. பக்கத்தில் எதிர்வீட்டு நாயின் கழுத்துப்பட்டை. என் மைத்துனரின் பர்ஸ். அண்ணியின் கண்ணாடிக் கூடு. எல்லாம் நான் செய்தவை. எல்லாவற்றின் மூலையிலும் நான் அடிக்கிற முத்திரை, அந்தச் சின்ன மீன்.

“இதெல்லாம்...” என்று இழுத்தேன்.

“அதுங்களா? அதெல்லாம் மீன்காரர் வேலை” என்றார் அந்த அம்மாள், தலையைத் தூக்காமலே. “யாருன்னு தெரியாது. மாசத்துக்கு ஒண்ணாவது வந்துடும். பாவம், ஆசை இருக்கு மனுஷனுக்கு. கைதான் இல்ல.”

“அவ்வளவு மோசமா இருக்கா?”

“மோசம்னு இல்லீங்க. ஒரே தப்பையே வருஷக்கணக்கா பண்ணிருக்காரு. புதுசா ஒரு தப்பு கூடப் பண்ணல. அதுதான் எனக்கு ஆச்சரியம்.”

நான் என் துளை உளியை மேசையில் வைத்தேன். உளியின் பிடியிலும் அந்த மீன்தான். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி மறுபடி பார்த்தார். “ஐயோ, நீங்களா!” என்று எழுந்து நின்றுவிட்டார். முகம் சிவந்துபோனது. பிறகு இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். அது உங்கள் பெல்ட், அண்ணா.

நீங்கள் அதைக் குப்பையில் போட்டதாகத்தான் அண்ணி என்னிடம் சொன்னார். “ஒரு சின்னப் பொண்ணு கொண்டாந்துச்சு. முதுகுல பெரிய பெட்டி ஒண்ணு. எங்கப்பாவோடது, எப்படியாவது கட்டிக்கற மாதிரி பண்ணிக் குடுங்க, சித்தப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்னு அப்பா சொல்லிருக்காருன்னு சொல்லிச்சு” என்றார் அந்த அம்மாள். நான் கடை வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணில் தூசி விழுந்தது என்று சாவிக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆகவே நீங்கள் இனிமேல் ஃபோனில் என்னதான் விறைப்பாக இருந்தாலும், எனக்கு எல்லாம் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றே கேட்டுவிட்டேன், எனக்குச் சொல்லித் தருவீர்களா என்று. பழுதுக்கார அம்மாள் ஒரு நிமிடம் யோசித்தார். “சொல்லித் தர எனக்கு நேரமில்ல. ஆனா இதையெல்லாம் நீங்களே உக்காந்து பிரிங்க. எங்க விட்டுச்சு, ஏன் விட்டுச்சுன்னு பாத்து எனக்குச் சொல்லுங்க. சரியா சொன்னா அடுத்தது தருவேன்” என்றார். வாரத்தில் இரண்டு நாள் போனேன். நான் தைத்ததை நானே பிரித்தேன். சொந்த எழுத்தைச் சொந்த வாயால் ஒரு கூட்டத்தில் படிக்கச் சொன்னது போல இருந்தது. நாய்ப்பட்டையைப் பிரித்தபோது ஒற்றை ஊசியின் லட்சணம் தெரிந்தது. பர்ஸைப் பிரித்தபோது பசை பாறையாகி, தோல் அதைச் சுற்றி வெடித்திருந்தது தெரிந்தது. உங்கள் பெல்ட்டில் மட்டும் நான் மூன்று பதில் சொன்னேன், மூன்றும் தப்பு. நான்காவது தடவை அந்த அம்மாள் ஒரு முதுகுத் தோல் துண்டையும் பெல்ட் துண்டையும் என் இரண்டு கையில் கொடுத்து, “இழுங்க” என்றார். இழுத்தேன். முதுகுத் தோல் அசையவில்லை. பெல்ட் ஒரு விரல் நீளம் வளர்ந்தது. அந்த நொடியில் பதினோரு வருடமும் என் கையில் நீண்டது அண்ணா. “வயிறு!” என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கடைச் சாவிக்காரர் எனக்குத்தான் வயிற்றுவலி என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் மகள், நம் குருவி, பன்னிரண்டு கிலோ அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு, துருத்தியை விரித்துச் சுருக்கி வாசிக்கிறாள், அது உங்களுக்குத் தெரியும். வானொலி நிலைய வாத்தியக் குழுவில் ஓர் இடம் காலியாகி அதற்குத் தேர்வு வைத்தார்கள் என்பதும் தெரியும். தெரியாதது இது. தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் அவள் மழையில் நனைந்து வந்தாள். வாத்தியம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது, தோள் வார் இரண்டும் பெட்டிக்கு வெளியே பையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. குழந்தை ஈர வாரைத் தோளில் போட்டுக்கொண்டால் சளி பிடிக்குமே என்று நான்தான் அந்த வார்களை அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். நானேதான். யாரும் சொல்லவில்லை. நனைந்த தோலை நெருப்பருகே காயவைத்தால் அது உள்ளுக்குள் வெந்து பிஸ்கட் மாதிரி ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் பிரித்துப் பார்த்த எதிலும் அந்தத் தப்பு இல்லை. பழுதுக்கார அம்மாள் சொன்னாரே, புதிதாக ஒரு தப்பு கூடப் பண்ணவில்லை என்று. அந்தக் குறையையும் தீர்த்துவிட்டேன்.

தேர்வு நாள் காலை ஒன்பதரை மணி. தேர்வு பிற்பகல் மூன்று மணிக்கு. குருவி ஹாலில் நின்று ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம் என்று வாத்தியத்தை மாட்டினாள். துருத்தியை விரித்தாள். ‘பட்’ என்று ஒரு சத்தம். இடது வார் வளையத்துக்குப் பக்கத்தில் இரண்டாகப் போயிருந்தது. அவள் ஒற்றைக் காலை மடக்கி முழங்காலில் வாத்தியத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வாத்தியத்துக்கு ஒன்றும் இல்லை, முழங்காலில் கொஞ்சம் நீலம். வலது வாரைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் நொறுங்கத் தயாராக இருந்தது. குருவி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அறுந்த வாரைக் கையில் வைத்துக்கொண்டு, “பரவால்ல சித்தப்பா” என்றாள். என் மனைவி அடுப்பைப் பார்த்தாள், வாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நீங்கதானே?” என்றாள். “நான்தான்” என்றேன். கல்யாணமாகி முப்பது வருடத்தில் நான் ஒரு தப்பைக் கேட்டவுடனே ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவளே கொஞ்சம் பயந்துபோனாள்.

வாத்தியக் கடைக்கு ஃபோன் செய்தோம். அந்த அளவு வார் வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். வேறு வழியில்லை, வாத்தியத்தையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் பழுதுக் கடைக்கு ஓடினோம். கடை மூடியிருந்தது! சாவிக்காரர்தான் சொன்னார், “அந்தம்மா பல் பிடுங்கப் போயிருக்காங்க. ரெண்டு நாளா கன்னம் இவ்வளவு பெருசு.” நான் ஃபோன் செய்தேன். எடுத்தார். ஆனால் பேச்சு வரவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள். நான் நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து “ஹாவி... ஹாவி...” என்று கேட்டது. “என்னது, காவியா?” என்றேன். சாவிக்காரர் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, “சாவிங்க! என்கிட்ட ஒரு சாவி குடுத்து வெச்சிருக்காங்க, திறந்துக்கச் சொல்றாங்க” என்றார். “ம்!” என்றது ஃபோன்.

கடையைத் திறந்தோம். ஃபோனை மேசையில் நிறுத்தி வைத்தோம். ‘ம்’ என்றால் சரி, ‘ம்ஹூம்’ என்றால் தப்பு. அவ்வளவுதான் மொழி. நான் தோல் சுருள்களில் கையை விட்டேன். பழக்கம் போகுமா? கை நேரே மெத்தென்ற ஒரு சுருளுக்குப் போனது. “இது நல்லா மெத்துன்னு இருக்கு, தோளுக்குச் சுகமா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டேதான் எடுத்தேன். “ம்ஹூம்ம்ம்!” என்று ஃபோன் மேசையில் அதிர்ந்தது. பல் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகள் என்ன நினைத்திருப்பார்களோ! சட்டென்று சுருளை வைத்துவிட்டு முதுகுத் தோலை எடுத்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. “முதுகு” என்றேன். “ம்” என்றார். கத்தியைத் தீட்டினேன். எவ்வளவு நேரம் தீட்டுவது என்று கேட்டேன், அதற்கு ‘ம்’மில் பதில் இல்லை அல்லவா, ஆகவே நானாகவே ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்த்தேன். கத்தி காகிதத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அளவு எடுக்க வேண்டிய நேரத்தில்தான் ஃபோனில் ஓர் ஆண் குரல், “உள்ள வாங்கம்மா, வாயைத் தொறங்க” என்றது. அதோடு தொடர்பு போய்விட்டது. கடையில் நான், என் மனைவி, குருவி, சாவிக்காரர். மணி பதினொன்றே கால். என் மனைவிதான் முதலில் பேசினாள். “என்ன நிக்கறீங்க? மருந்து கேட்டு ஆள் வந்து நிக்குது. சீட்டைப் பாத்துக் குடுக்க மாட்டீங்க?” என்றாள். அண்ணா, அந்த ஒரு வார்த்தைதான். அளக்கிற நூலைக் கையில் எடுத்துவிட்டேன். பழைய வாரை வைத்து அளக்கவில்லை, அது அடுப்புச் சூட்டில் சுருங்கிப்போனது, அதன் பேச்சை நம்பக் கூடாது. வாத்தியத்தை முக்காலியில் வைத்துக் குருவியைப் பின்னால் நிற்க வைத்து, நூலால் தோளைச் சுற்றி வளையத்திலிருந்து வளையம் வரை மூன்று தடவை அளந்தேன். என் மனைவி எழுதிக்கொண்டாள். மூன்று தடவையும் ஒரே அளவு வரும் வரைக்கும் நான் கத்தியைத் தொடவில்லை. ஒரு நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒரே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும். துளைக்கு மரச் சுத்தி, ஓரத்திலிருந்து தாராளமாக இடம் விட்டு. பசை, நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு. பிறகு ஓரத்தை ஈரத் துணியால் கண்ணாடி போல் வரும் வரை தேய்த்தேன். எண்ணெய் போட வேண்டிய கட்டத்தில் அலமாரியில் எண்ணெய்ப் பாட்டிலைத் தேடினேன். காணவில்லை. என் மனைவி தன் கைப்பைக்குள்ளிருந்து எடுத்து, தன் கையாலேயே மூன்று சொட்டு ஒரு துணியில் விட்டுக் கொடுத்தாள். “அவ்வளவுதான்” என்று மூடியைத் திருகி மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒன்றே முக்காலுக்கு இரண்டு வாரும் முடிந்தன. இவ்வளவு வருடமாக நான் செய்த எதையும் யாரும் என் எதிரில் சோதித்துப் பார்த்ததில்லை, மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொள்வார்கள். குருவி கூடத் தயங்கினாள். அப்போது சாவிக்காரர் எழுந்தார். கடை வாசலில் ஷட்டருக்கு மேலே ஒரு கொக்கி இருக்கிறது. வாரை அதில் மாட்டினார். “வாத்தியம் பன்னண்டு கிலோ. நான் அம்பத்தெட்டு. நான் விழலைன்னா அது விழாது” என்று சொல்லிவிட்டு, வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலை மடக்கித் தொங்கினார். தொங்கியதோடு விட்டாரா? ஊஞ்சல் மாதிரி ஆடினார். அந்த நேரம் பார்த்து ஒருவர் பூட்டுக்குச் சாவி போட வந்தார். “என்னங்க இது?” என்றார். “சோதனை நடக்குது, ஓரமா நில்லுங்க” என்றார் சாவிக்காரர், ஆடிக்கொண்டே. வார் ஒரு முனகல்கூட முனகவில்லை. இரண்டாவது வாரிலும் தொங்கினார். அதுவும் அப்படியே. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் குருவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே வாத்தியத்தில் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு ஐம்பது. நீண்ட நடைவழி, இரண்டு பக்கமும் நாற்காலி, கோடியில் பச்சை வர்ணம் அடித்த கனமான கதவு. குருவி உள்ளே போனாள். கதவு மூடியது. நான் கதவில் காதை வைத்தேன். அங்கே காவலுக்கு இருந்த அம்மாள், “சார், கதவுல சாயாதீங்க” என்றார். “உள்ள என் வார் இருக்குங்க” என்றேன். “என்னது?” “அண்ணன் மகள்” என்று திருத்திச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, நான் சாய்வதைப் பார்க்காமல் இருந்தார். நல்ல மனுஷி. உள்ளே வாசிப்பு தொடங்கியது. முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. நான் இசையைக் கேட்டேன் என்று சொன்னால் அது பொய். நான் ‘பட்’ என்ற ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடமும் பன்னிரண்டு கிலோவும் என் இரண்டு உள்ளங்கையில் இருந்தது அண்ணா. துருத்தியை அவள் இழுக்கும்போதெல்லாம் அந்த இழுப்பு முழுதும் என் தையலில்தான் விழும், ஒவ்வொரு தையலையும் எனக்குப் பேர் சொல்லித் தெரியும். ‘பட்’ வரவே இல்லை. கடைசியில் வந்தது கைதட்டல். தேர்வில் கைதட்டுவார்களா? தட்டினார்கள்.

ஐந்து மணிக்குக் காகிதத்தை ஒட்டினார்கள். ஒரே ஒரு பெயர். உங்கள் மகளுடையது. இதை அவளே அன்று மாலை உங்களுக்கு ஃபோனில் சொல்லியிருப்பாள். ஆனால் வாரைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாள். நான்தான் சொல்லாதே என்றேன், முழுக்கதையையும் நானே எழுதுகிறேன் என்றேன், ஏனென்றால் அடுப்பையும் நானே சொல்ல வேண்டும் அல்லவா. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அவளுடைய முதல் கச்சேரி. நீங்களும் அண்ணியும் வந்தே ஆக வேண்டும். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசாமல் இருங்கள். பழுதுக்கார அம்மாளும் வருகிறார், கன்னம் வற்றிவிட்டது, இப்போது நன்றாகப் பேசுகிறார். வார்களைப் பார்த்துவிட்டு, “ரெண்டாவது மடிப்புல நாலாவது தையல் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு” என்றார். நாலாவது தையல் ஒன்றுதான், அண்ணா! பதினோரு வருடத்தில் என் வேலையில் எண்ணிச் சொல்லக்கூடிய ஒரே ஒரு குறை! நான் தெருவில் நடந்துபோகிறபோது இப்போது எதிரில் வருகிறவர்களின் இடுப்பையும் தோளையும்தான் பார்க்கிறேன். இந்தப் பெல்ட் வயிறு, அந்தப் பை முதுகு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன். இந்த அறிவோடு இன்னும் ஒரு இருபது வருடம் ஓட்டிவிடலாம்.

அண்ணிக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம், சூட்டைப் பற்றி எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும். உங்கள் இருவருக்கும் ஆயுளும் உடம்புக்கு நலமும் மனதுக்கு நிம்மதியும் குறைவில்லாமல் கிடைக்கட்டும் என்று வாழ்த்த எனக்கு வயதில்லை, ஆகவே வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வென்ற மகிழ்ச்சியில் தலைகால் தெரியாமல் இருக்கும்
உங்கள் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் குருவியிடம் படிக்கக் கொடுத்தேன். கதவுக்கு வெளியே நான் நின்ற இடம் வரைக்கும் சிரித்துக்கொண்டே படித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, “சித்தப்பா, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?” என்றாள். “சொல்லு” என்றேன். “உள்ள போனதும் நாற்காலி போட்டுக் குடுத்தாங்க சித்தப்பா. நான் உக்காந்துதான் வாசிச்சேன். வாத்தியம் முழுக்க என் மடிலதான் இருந்துச்சு. வார் சும்மா தோள்ல கிடந்துச்சு.” பதினெட்டு நிமிடமும் பன்னிரண்டு கிலோவைத் தாங்கியது குருவியின் தொடை, அண்ணா. என் தையல் வெறுமனே அவளோடு உட்கார்ந்திருந்தது. பேனாவை எடுத்து மேலே எழுதியதை அடிக்கப் போனேன். குருவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எதுக்கு அடிக்கறீங்க? எழுதினபடி இருக்கட்டும்” என்று உள்ளே போய் வாத்தியத்தை மாட்டிக்கொண்டு வந்து ஹால் நடுவில் நின்றாள். தேர்வில் வாசித்த அதே பாட்டு, அதே வேகம். என் மனைவி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இப்போது பதினாறாவது நிமிடம். துருத்தியை முழு விரிப்புக்கு இழுக்கிறாள், அதுவும் நின்றுகொண்டு, ஒற்றைக் காலைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு. வார் அசையவில்லை. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். தட்டட்டும். இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது.